போயா

நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் புயல்.
கப்பல் கவிழாமலிருக்க
சரக்கைக் கடலில் தள்ளுகிறார்கள்.
அங்கே வருகிறது அந்தச் சொல்: லேகன்.

மஞ்சக்குப்பத்தில் மாடி அறை.
சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் எனக்கு.
இந்த ஒன்றுக்கு மட்டும் நாலு நாள்.

அகராதி சொல்கிறது:
மூழ்கவிட்ட சரக்கு. ஆனால்
விட்ட இடம் தெரிய
மேலே ஒரு மிதவை கட்டியிருக்க வேண்டும்.
மிதவை இல்லையென்றால் அது லேகன் இல்லை,
வெறும் நஷ்டம்.

மிதந்து வருவதற்கு அவர்களிடம் ஒரு சொல்,
தூக்கி எறிந்ததற்கு இன்னொன்று.
அந்த இரண்டின் வாலைப் பிடித்துக்கொண்டு
ஓசைக்காக வந்துபோகிறது இது, அவர்கள் கவிதைகளில்.
பாதிப் பேர் பொருள் தெரியாமலே
போட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.
இந்த நாவல்காரி தெரிந்து போட்டிருக்கிறாள்.
மாலுமியின் மனைவியைப் பற்றி ஒரே வரி:
அவள் மௌனம் லேகன்.

'மூழ்கிய' என்று எழுதினேன். போதவில்லை.
'புதைத்த' என்றால், கடலில் ஏது மண்வெட்டி?
'அடகு' என்று ஒரு ராத்திரி தோன்றியது.
விடிந்ததும் அடித்தேன். வட்டி யார் கட்டுவது?
பதிப்பகத்தில் சொன்னார்கள்:
"அந்த ஒண்ணை விட்டுடுங்க மேடம், யாரு பாக்கப் போறா."

ஐந்தாம் நாள் முதுநகருக்குப் பஸ் ஏறினேன்.
உப்பனாற்றில் டீசல் வானவில்.
அஞ்சலாட்சி சங்கராவை ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள்.
தேசிங்கு தலை நிமிராமல் பேசினார்.
"காத்து கெட்டுப்போனா
வலைய அறுத்து விட்டுட்டு வந்துடுவோம்.
போயா கட்டித்தான் விடுறது."
அதற்கு என்ன பெயர்?
"எதுக்கு?"
உள்ளே கிடக்கிற வலைக்கு.
"வலைதான்."
ஊசியில் நூல் கோத்தார். பல்லால் கடித்தார்.
"எங்க வலைன்னு சொல்லுவோம்."

திரும்பும் பஸ்ஸில், பாலத்து நெரிசலில்,
போனைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன்.
'கேஸ் சிலிண்டர் 2.'
என் வீட்டில் சிலிண்டர் ஒன்றே ஒன்றுதான்,
ஏழு வருஷமாக.

அன்றிரவு வரி முடிந்தது:
அவள் தன் மௌனத்துக்குப் போயா கட்டியிருந்தாள்.

மெய்ப்பு திரும்பி வந்திருக்கிறது.
யாரோ அந்தச் சொல்லைச் சிவப்பில் சுழித்து
ஓரத்தில் கேட்டிருக்கிறார்கள்:
'பொய்யா?'

பேனா மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.
மை காய்கிறது.