நாற்பத்தாறு கட்டிகள்

நவம்பரில் லேனா ஆற்றில் அறுத்துச்
சறுக்குவண்டியில் இழுத்து வந்தவை
நாற்பத்தாறு பனிக்கட்டிகள்.
முற்றத்துப் பலகைமேல் நிறுத்தினோம்.
உச்சி வெயில் பட்டால் உள்ளே நீலம் தெரியும்.
மே மாதம் வரை அதுதான் எங்கள் கிணறு.
வாரத்துக்கு ஒன்றரைக் கட்டி:
தேநீருக்கு, சூப்புக்கு, பாத்திரத்துக்கு,
சனிக்கிழமை தலைக்கு.

பிப்ரவரி முதல் வாரம் எண்ணினேன்.
இருபத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில்
இருபத்துநாலு.
விரலை மடக்கி மறுபடி எண்ணினேன்.
குளிரில் விரல்தான் மரத்தது,
கட்டி கூடவில்லை.

வெட்கத்தோடு சொல்கிறேன்:
பக்கத்து வீட்டு மொத்துருவானாவைச் சந்தேகப்பட்டேன்.
சந்தேகப்பட்டதோடு நிற்கவில்லை,
கேட்டும்விட்டேன்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
கதவை மெதுவாகச் சாத்தினாள்.
அறைந்து சாத்தியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

தூக்கம் வராத அந்த ராத்திரியில்தான் கேட்டது.
அடுப்போரத்தில்
சளப் சளப் சளப்.
மொய்த்துருக்.
கழுத்தில் வெள்ளை வளையம் போட்ட கிழட்டு நாய்,
பன்னிரண்டு குளிர்காலம் பனியை நக்கியே தாகம் தீர்த்தவன்,
என் பீப்பாயின் மூடியை மூக்கால் தள்ளிவிட்டு
முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் ஊன்றிக்
குடிக்கிறான் குடிக்கிறான்
ஆறே உள்ளே போகிற மாதிரி.
பிறகு கதவைப் பிறாண்டினான்.
திறந்தேன்.
நாற்பத்தெட்டு டிகிரி உறைகுளிரில்
வேலிக் கம்பத்தடியில்
முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் பனி.
இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

உப்பு மீனா?
இந்த வருஷம் மீனே கிடைக்கவில்லை.
அடுப்புச் சூடா?
அது வாலை வைத்துப் படுப்பது வாசல் இடுக்கில்.
சிறுநீரகம் என்று மனசு சொன்னபோது
வயிற்றில் புளி கரைத்தது.

மாவட்ட மருத்துவமனை தொண்ணூறு கிலோமீட்டர்.
குன்னேய் என்ற சின்னப் பெண்தான் கால்நடை டாக்டர்.
ஆற்றங்கரை மேட்டில் ஏறினால்தான் சிக்னல்.
வீட்டு ஜன்னலோரமும் சில நாள் கிடைக்கும்,
அன்று கிடைத்தது.
சாப்பிடுகிறதா என்றாள். முன்பைவிட அதிகம்.
மெலிந்ததா? இல்லை, தொப்பை போட்டிருக்கிறது.
மூச்சிரைப்பு? ஆமாம்.
மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?
இல்லை என்றேன்.
வீட்டில் யாராவது ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்களா?

எர்ச்சிமேன் எழுந்துபோய்
அடுப்பில் விறகு வைத்தான்.
அடுப்பு ஏற்கெனவே நிறைந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு அக்டோபர் ஞாபகம் வந்தது.
கை முட்டுகள் வீங்கி
அவன் அந்த மாத்திரையைத் தொடங்கிய மாசம்.
ராத்திரி மூன்று தடவை எழுந்து தண்ணீர் குடிப்பான்.
முகம் உப்பிப்போய்க் கண்ணாடியைத் திருப்பி வைத்தான்.
நவம்பரில் தாகம் நின்றது.
உடம்பு தேறிவிட்டதென்று
நான்தான் பாலாடை போட்டுக் கொடுத்தேன்.
தாகம் நிற்கவில்லை,
ஆள் மாறியிருக்கிறது.

"அது நொண்டிற்று" என்றான்,
என்னைப் பார்க்காமல்.
"மாட்டிறைச்சியில் வைத்துக் கொடுத்தேன். மறுநாளே படி ஏறியது.
எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை.
அதற்கு ஒத்துக்கொண்டது."
கோடாரிப் பிடியைச் சுற்றி மூடமுடியாத கை,
தேநீர்க் கிண்ணத்தை மணிக்கட்டால் அணைத்துத் தூக்குகிற கை.
மூன்று மாசமாய் அதையும் நான் பார்க்கவில்லை.
கட்டியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சட்டென்று நிறுத்தக்கூடாது என்றாள் குன்னேய்.
உடம்பு பழகிவிட்டது,
கொஞ்சம் கொஞ்சமாய்க் குறையுங்கள், ரத்தம் எடுத்து அனுப்புங்கள்.
மனுஷனை மனுஷ டாக்டரிடம் காட்டுங்கள்.
காட்டினோம். மறுபடி மாத்திரை.
நாள்காட்டியில் இப்போது இரண்டு நிறம்:
அவனுக்குச் சிவப்பு, நாய்க்கு நீலம்.
அவன் என் கண்ணெதிரே விழுங்குகிறான்,
நாக்கை நீட்டிக் காட்டுகிறான்,
திட்டினால் சிரிக்கிறான்.

ஆக, ராத்திரி இரண்டு பேர் குடிக்கிறார்கள்.
இருட்டில் சத்தத்தை வைத்து
யார் என்று கண்டுபிடிப்பேன்.
சில நேரம் தப்பாகிறது.

நேற்று ஒரு கிண்ணம் உறைந்த பாலாடை எடுத்துக்கொண்டு
மொத்துருவானா வீட்டுக்குப் போனேன்.
கதவு ஒரு கையகலம் திறந்தது.
கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.
காலையில் முற்றத்துக்குப் போனேன்,
எண்ணுவதற்கில்லை, கட்டி எடுக்க.
பலகைமேல்
எங்கள் ரம்பம் படாத,
வேறு அளவில் அறுத்த ஒன்று நின்றது.