சுமார்

கனகபுரா சாலையில், மெட்ரோ முடிகிற இடத்துக்கும் அப்பால்,
பதினான்கு மாடிக் குடியிருப்பின் பின்சுவரோரம்
விடியற்காலை மூன்று பத்துக்கு ஒரு கரடி நடந்தது.
ஆறு மணிக்குள் அது ஆட்டோ அளவு ஆகிவிட்டது.
ஒன்பதுக்கு நான் போய் இறங்கியபோது
மினி லாரி.

"இருநூறு கிலோ இருக்கும் மேடம்" என்றார் சங்கத் தலைவர்,
ஏழாவது மாடியிலிருந்து கண்ணாடி போடாமல் பார்த்தவர்.
அவர் மனைவிக்கு அது குட்டி.
பாவம், அம்மாவைத் தேடி வந்திருக்கும் என்றார்.
ஒரே பால்கனி, ஒரே இரவு.

என் பையில் அளவு நாடா, சாக்பீஸ், வனத்துறைப் படிவம்.
அதில் இரண்டு கட்டங்கள்தான் எப்போதும் காலியாகத் திரும்பும்:
அளவு. வயது.

கறுப்பை அளப்பது கடினம்.
இருட்டும் அதன் உடம்போடு சேர்ந்து எடை போடும்.
மயிரை நம்பக் கூடாது, நனைந்தால் பாதிக் கரடிதான் மிஞ்சும்.
காதைப் பார்.
காது பெரிதாகத் தெரிந்தால் கரடி சின்னது.
தலை அகன்று, காதுகள் ஆளுக்கொரு ஓரமாய்த் தள்ளிப்போய்
சிறுத்துத் தெரிந்தால்
ஓசைப்படாமல் பின்னால் நட.

கேமராப் பதிவில் காதே இல்லை.
ஒரு மழைத்துளி லென்ஸில் உட்கார்ந்து
தலை முழுவதையும் தின்றுவிட்டது.
நல்லவேளை, ஈரக் கழிவு என்று எழுதிய பச்சை டிரம்
அதே படத்துக்குள் நின்றது.
அளந்தேன். தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர்.
கரடியின் தோள் அதில் முக்கால்.

சேற்றில் முன்பாதம், குறுக்கே பத்தரை.
நகக்குழிகள் விரல்களுக்கு வெகுதூரம் முன்னால்;
தோண்டிப் பிழைக்கிற கை.
எண்பது கிலோவா, தொண்ணூறா?
பலாப்பழக் காலம், இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

கிட்டத்தில் பார்த்தவர் ஒருவர்தான்.
இரவுக் காவல், திகம்பர் மாஜி, காலாஹாண்டிக்காரர்.
யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.
என் இந்தியும் கடன், அவர் இந்தியும் கடன்.
நடுவழியில் சந்தித்துக்கொண்டோம்.

"எழுந்து நின்றதா?"
நின்றது. குப்பை அறையின் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம்.
"எவ்வளவு உயரம்?"
அவர் கையை வானத்துக்குத் தூக்கவில்லை.
குனிந்து சீருடையைப் பார்த்து
மேலிருந்து இரண்டாவது பொத்தானைத் தொட்டார்.
மூக்கு இங்கே. மூச்சு இங்கே பட்டது.
பொத்தான், தரையிலிருந்து நூற்று முப்பத்தாறு.
அன்று காலை கேட்டதில்
கூட்டாத, குறைக்காத ஒரே எண்.

பிறகு வயது.
வாயைத் திறந்ததாம். மேல்வரிசை முன்பற்களின் நடுவே ஓட்டையாம்.
கிழம் என்று எழுதப்போனவள் நிறுத்தினேன்.
அந்த இரண்டு பற்கள் வளர்ந்த கரடி எதற்கும் இருப்பதில்லை;
கறையானை உறிஞ்ச விட்ட வாசல் அது.
"கோரைப்பல்?"
டார்ச்சில் மஞ்சள். முனை மழுங்கல்.
"மார்பில் வெள்ளை?"
துவைத்துத் துவைத்துப் போன காலர் நிறம்.
அப்படியென்றால் எட்டு, பத்து, பன்னிரண்டு.
ஒரு பல்லைப் பிடுங்கி அறுத்துப் பார்த்தால்
மரத்தில்போல வளையம் எண்ணலாம்.
அதற்கு அது மயங்க வேண்டும், இல்லை சாக வேண்டும்.

படிவத்தின் அடியில் சாட்சியின் பெயர், வயது.
"ஐம்பத்தாறு" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.
அட்டையிலும் அதுதான்.
ஏஜென்சி அறுபதுக்கு மேல் ஆள் வைப்பதில்லை.

காதுமடலில் நரை. தளர்ந்த கழுத்து.
கீழ்வரிசையில் நான்கு பற்கள் இல்லை,
இவை முன்பு இருந்த பற்கள்.
என் வேலையில் கண் தானாக எண்ணிவிடும்.
என் கண் போன வழியை அவரும் பார்த்தார்.
அசையாமல் நின்றார்,
கம்பிக்கு இந்தப் பக்கம் அன்றிரவு நின்ற மாதிரி.

56 என்று எழுதினேன், மை அழுந்த.
கரடிக்குத்தான் சுமார் போட்டேன்.

லிஃப்ட் அருகே தலைவர் யாரிடமோ
இருநூற்றைம்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.