சரிபங்கு

க்ளைபெதா துறைமுகம், பிப்ரவரி, இரவு இரண்டு மணி.
பால்டிக் கடல் கரையோரம் மட்டும் உறைந்திருக்கிறது,
அரை மனதோடு.
இங்கே நான்கு சர்வர்கள்.
வருகிற போகிற ஒவ்வொரு பாக்கெட்டையும்
முகர்ந்து பார்ப்பது அவற்றின் வேலை.
பங்கு பிரித்துக் கொடுப்பது என் வேலை.

பக்கத்து மேசையில் வைதோதாஸ், போனில்:
"எடுத்துக்கொள்."
மௌனம்.
"அதையும் எடுத்துக்கொள். எனக்கு இனி அது எதற்கு?"
நீண்ட மௌனம்.
"குதிரையை மட்டும் விட்டுவிடு."
இந்தக் குளிர்காலம் முழுக்க இதே பேச்சு.
அவனிடம் குதிரை இருந்ததே எனக்குத் தெரியாது.
கேட்கவில்லை.
கறுப்பு ரொட்டியில் பாதியை
அவன் பக்கம் தள்ளிவைப்பேன்.

முதல் தவறு நவம்பரில்.
கேள்வி ஒரு சர்வருக்குப் போனது, பதில் இன்னொன்றுக்கு.
அனுப்பும் முகவரியும் பெறும் முகவரியும் இடம் மாறினால்
என் சூத்திரம் வேறு விடை சொன்னது.
ஒன்றுக்கு "திற" மட்டும் கேட்டது,
மற்றதற்குத் "திறந்தேன்" மட்டும்.
இரண்டும் ஒழுங்காக எழுதிவைத்தன:
சந்தேகப்பட ஒன்றுமில்லை.
திருத்தினேன்.
யார் முதலில் வாய் திறந்தாலும்
இருவர் பேச்சுக்கு இனி ஒரே காது.

பிறகு வந்தது அழகு.
நான்கு கோடுகள், நான்கும் இருபத்தைந்து,
காற்றில்லாத நாளின் நீர்மட்டம்.
தலைவி யுர்கிதா அதைச் சுவர்த்திரையில் போடச் சொன்னாள்,
விருந்தினருக்குக் காட்ட.
காபிக் கோப்பையோடு நானும் எதிரே நின்றிருக்கிறேன்,
பொய் சொல்வானேன், பெருமையாகத்தான்.

அந்த மட்டத்துக்கு அடியில்
யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.
கிரேன்களை ஆட்டுவிக்கும் ஒரே கணினியின் கதவுகளை,
பதினோரு நொடிக்கு ஒரு தட்டு.
ஒரு துறை எண், அடுத்த துறை எண், அதற்கடுத்தது.
(அறுபத்தையாயிரத்துச் சொச்சம் துறைகள்,
ஒன்றிலும் ஒரு படகைக்கூடக் கட்ட முடியாது.)
கடைசிக் கதவு முடிந்ததும் மறுபடி முதல் கதவு.
ஒவ்வொரு தட்டும் என் சூத்திரத்துக்குப் புதுப் பேச்சு.
ஆகவே நியாயம் தவறாமல் பிரித்தேன்:
இந்தா உனக்கொன்று, உனக்கொன்று,
உனக்கும், உனக்கும்.

மணிக்கு நூறு தட்டு கேட்டால் கூவு
என்று நான்கிடமும் சொல்லியிருந்தேன்.
மணிக்கு முந்நூற்று இருபத்தேழு விழுந்தது.
நான்கால் வகுத்தால் எண்பத்திரண்டு.
எண்பத்திரண்டுக்கு எவர் எழுந்திருப்பார்?

இன்றிரவு, தூக்கம் பிடிக்காமலிருக்க,
நான்கு பதிவேடுகளையும் அருகருகே வைத்து
வெறுமனே கூட்டிப் பார்த்தேன்.
வெறுமனே.

சூத்திரத்திலிருந்து துறை எண்ணை எடுத்துவிட்டேன்.
இரு முகவரிகள் போதும்.
கோடுகள் உடனே கலைந்தன:
பதினாறு, ஒன்பது, அறுபத்தொன்று, பதினான்கு.
மூன்றாவதன் விசிறி கப்பல் எஞ்சின்போல் இரைந்தது.
கை பழைய வரியைத் திரும்ப எழுதப் போனது,
இழுத்துக்கொண்டேன்.
பதினெட்டு நிமிடம் ஒன்றுமில்லை.
பத்தொன்பதாவதில் மூன்றாவது கூவியது.

தானிய முனையத்து எடைமேடைக் கணினி.
கோதுமை லாரிகளை நிறுத்துக்கொண்டே,
ஒரு கிலோ பிசகாமல்,
இலையுதிர் காலத்திலிருந்து தட்டியிருக்கிறது.

"ஸ்கைஸ்தே, எந்தக் கேபிள்?"
"நீலம். கீழிருந்து இரண்டாவது."
பிடுங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது அவனுக்கு.
போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான்.
தரையிலிருந்து ஒரு பெண் குரல், சிரிப்பை அடக்கியபடி:
"குதிரையை எஃப்-ஐந்துக்கு நகர்த்துகிறாயா?
அப்போ உன் ராணி போச்சு, வைதோ.
சாப்பிட்டாயா?"

நான் ரொட்டியைப் பார்த்தேன்.
ஒரு குளிர்காலத்து ரொட்டி.

எட்டு மணிக்கு யுர்கிதா சுவர் முன்னால் நின்றாள்,
கோட்டைக் கழற்றாமல்.
"ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது?"
சொன்னேன். எடைமேடை, தட்டு, எண்பத்திரண்டு.
மூன்றாவதற்குப் பெரிய மெமரி வேண்டும் என்றும் சொன்னேன்.
விலை கேட்டாள்.