பார்க்கலாம்

தண்ணீரிலிருந்து ஏறி வந்ததும் கேட்டார்கள்,
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டே:
"டெல்லிக்காரர் என்னதான் சொன்னார்?"
நம்புக்கனி வாய் திறக்காமல்
ஈரப்பாசியை மணலில் உதறிப் பரப்பினார்.
ஊராட்சித் தலைவர் ஆனாலும்
அமாவாசைக்கு அவரும் கடலுக்குள்தான்.
ஆகவே நான் சொன்னேன்,
சங்குவலசை நாலாம் வார்டு உறுப்பினர் இபுராம்சா,
ஷார்ஜாவில் ஏழு வருசம் கம்பி கட்டியதால்
மொழிபெயர்ப்பாளன்.

என் இந்தி தெரியும்தானே உங்களுக்கு.
தண்ணி தீர்ந்துவிட்டது,
சம்பளம் வரவில்லை,
கொக்கியை மெல்ல இறக்கு:
இந்த மூன்றிலும் நான் பண்டிதன்.
மரிக்கொழுந்துப் பாசிக்கு என்னிடம் வார்த்தை இல்லை.
கஞ்சிப் பாசிக்கும் இல்லை.
கடல் புல் என்று ஒப்பேற்றினேன்.
மாட்டுக்கா என்று கேட்டார்.

சேதுவில் ஏறி, மாறி, இன்னொன்றில் ஏறி
மூன்றாம் நாள் காலை.
வாசலில் சோதித்தவன்
நம் கருவாட்டுப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து
உள்ளே விடமாட்டேன் என்றான்.
அதற்காகச் சந்தியாகு வெளியே நின்றார்,
பக்கத்து ஊராட்சித் தலைவர்,
இருநூறு கையெழுத்தும் நாற்பது கைநாட்டும்
வீடு வீடாக வாங்கி வந்தவர்,
வெள்ளை வேட்டி கசங்காமல்
ஒரு நெத்திலிப் பொட்டலத்துக்குக் காவலாக.

எம்.பி.யின் கடிதம் இருந்தது.
அதனால் நாலரை மணி நேரத்தில் கூப்பிட்டார்கள்.
கடிதம் இல்லாதவர்கள்
இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த அதிகாரி நல்ல மனுசர்தான்.
உட்காரச் சொன்னார். டீ சொன்னார்.
மேசைக் கண்ணாடிக்கு அடியில்
நம் தீவுகள் படமாகக் கிடந்தன:
முயல் தீவு, மனோலி, தலையாரி,
ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்புக் கோடு.
"நீங்கள் கோடு போடுமுன்னே
எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்டோம்" என்றார் நம்புக்கனி.
"மாதம் பன்னிரண்டு நாள். மிச்ச நாள் பாசி வளர."
அதைக் கம்பி கட்டுகிற இந்தியில் சொன்னேன்.
"எந்தப் பன்னிரண்டு?"
"அமாவாசையை ஒட்டி ஆறு. பௌர்ணமியை ஒட்டி ஆறு."

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.
அரசாங்கக் காலண்டர்.
கொடி இருந்தது, அணைக்கட்டு இருந்தது,
விடுமுறைகள் சிவப்பில் இருந்தன.
நிலா இல்லை.

நம்புக்கனி எழுந்தார்.
யாரையும் கேட்கவில்லை.
பையிலிருந்து பேனாவை எடுத்து
ஆவணி, புரட்டாசி என்று வாய்க்குள் எண்ணி
மாதத்துக்கு ஒரு கரிய வட்டம், ஒரு வெறும் வட்டம்,
தாள் தாளாகத் திருப்பி
டிசம்பர் வரை போட்டு முடித்தார்.
டீ கொண்டுவந்த பையனும் தட்டோடு நின்று பார்த்தான்.

கடைசியில் அவர் சொன்னது ஒரே வார்த்தை.
தேகேங்கே.
அந்த வார்த்தையோடு நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.
பதினாலு மாதச் சம்பளப் பாக்கிக்கு
ஃபோர்மேன் வெள்ளிதோறும் தந்தது அதுதான்.
எப்படிச் சொல்வதென்று நான் எச்சில் விழுங்க,
"பார்க்கலாம்கிறாரா?" என்றார் நம்புக்கனி.
"விடுங்க, புரியுது.
பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்து
தினமும் நான் சொல்றதுதானே."
மனுவின் நகலில் முத்திரை கேட்டு வாங்கிக்கொண்டார்.

இவ்வளவுதான் என்றேன்.
கச்சான் கிளம்பிப் பாசிமேல் மணலை ஏற்றியது.
"அப்போ போன மாசம் பிடுங்கின என் சாக்கு?" என்றாள் ஒருத்தி,
யாரைப் பார்த்தென்று தெரியாமல்.
பூமயில் சேலை முந்தியைப் பிழிந்தாள்.
"டெல்லி கிடக்கட்டும்.
எங்க தெருவிளக்கு எரிஞ்சு எட்டு மாசம்.
அதுக்கு என்ன சொல்றீங்க?"

"பார்க்க..." என்று தொடங்கிய நம்புக்கனி
அங்கேயே நின்றார்.
"தேதி எழுதித் தர்றேன், இரு" என்று
கரையில் கிடந்த பையை எடுத்து
அடிவரை துழாவினார்.

பேனா டெல்லியில் இருந்தது.