கடைசிப் பக்கம், இடது ஓரம்

வியாழக்கிழமைப் பத்தி: நானூற்று இருபது சொல்.
நாற்பது தாண்டுவதற்குள்
யார் வீட்டுக் கதவையாவது தட்டிவிடுவாள்
நியெவெஸ் உர்தியாகா.

நான் அவள் சொற்களை எண்ணுகிறவன்.
சரகோசா, மூன்றாம் மாடி, இரவுப் பணி.
சியெர்சோக் காற்று
ஜன்னல் ரப்பரைப் பிய்த்துக்கொண்டிருக்கும் மேசை.

அவள் வந்து சேர்ந்தது மரண அறிவிப்புப் பிரிவில்.
சொல்லுக்கு இவ்வளவு என்று காசு.
"அன்பான கணவர்" என்றால் இரண்டு,
"கணவர்" என்றால் ஒன்று.
விதவைகள் யோசிப்பதைப் பார்த்துத்தான்
எழுதக் கற்றேன் என்பாள்.

அப்பா கேஸ் சிலிண்டர் சுமந்தவர்,
லிஃப்ட் இல்லாத தெலிசியாஸ் குடியிருப்புகளில்.
அதை ஒன்பது முறை எழுதினாள்.
எழுத எழுத மாடி கூடியது.
"ஏழாவது மாடிக்கு நான் எப்போதம்மா போனேன்?"
என்று கேட்டார் அவர்.

முதல் நாவல் விற்றது இருநூற்றுப் பன்னிரண்டு பிரதி.
முப்பதை அப்பாவே வாங்கி
சிலிண்டரோடு சேர்த்து இறக்கினார்.
இரண்டாவதற்குப் பரிசு.
மாட்ரிடில் மேடை, கையில் கனத்த கண்ணாடிப் பொருள்;
மீனா இலையா, இன்றுவரை தெரியாது.
குளியலறைக் கதவு சாத்திக்கொள்ளாமல்
இப்போது அதுதான் பார்த்துக்கொள்கிறது.

பத்தி நிற்கவில்லை.
வாரம் ஒருமுறை திறக்கிற வாய்,
எதையாவது போட்டாக வேண்டும்.
கணவர் ஆரஞ்சு உரிக்கும் விதத்தைப் போட்டாள்.
பிரிந்ததைப் போட்டாள்.
"நான் அப்படி உரிப்பதில்லை" என்று அவர் கூப்பிட்டுச் சொன்னதை
மறுவாரம் போட்டாள்.
அம்மா உப்பை மறந்த நாளை, தம்பி ஹினெஸின் கடனை.
அவள் உள்ளே வந்தால்
ஹினெஸ் பேச்சை மாற்றி வானிலை பேசலானான்.
வானிலையையும் எழுதினாள்.

பிப்ரவரியில் ஒரு புதன், இரவு பதினொன்றரை.
கோப்பு வந்தது. தலைப்பு: தம்பி.
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று எண் காட்டியது.
தொலைபேசி.
"அதைத் திறக்காதே."
"திறந்துவிட்டேன்."
"மூடு."
மூடினேன்.

பன்னிரண்டே காலுக்கு வேறொன்று வந்தது,
அவள் குடியிருப்பில் பழுதான லிஃப்டைப் பற்றி.
சிரிப்புக்கூட வராத பத்தி. அறுபது சொல் குறைவு.
கண் மருத்துவமனை விளம்பரத்தைக்
கொஞ்சம் இழுத்து அகலமாக்கினேன்.

கடிதங்கள் வந்தன:
உர்தியாகாவுக்கு வயதாகிவிட்டது, சரக்கு தீர்ந்தது.
கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்,
பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கோப்பு என் கணினியில் இருக்கிறது.
அழிக்கவில்லை. படிக்கவுமில்லை.
முதல் சொல் மட்டும் கண்ணில் பட்டது;
அதைச் சொல்ல மாட்டேன்.

மார்ச் மாதம் ஒரு வியாழன்
கீழே தெருவில் வெள்ளை வேன், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
அவள் ஏறி உட்கார்ந்தாள். வேன் கிளம்பவில்லை.
மேலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஸ்டியரிங்கை விட்டுவிட்டு
ஆடிக்கொண்டே இருந்த ஹினெஸின் கைகள்.
வானிலை பேசுகிறவனுக்கு
கை அப்படி ஆடாது.