சாலையில் கிடந்த சொல்

நீதிமன்றத்தில் எனக்குச் சம்பளம்
ஒரு வாயின் சொல்லை இன்னொரு காதுக்குக் கொண்டுபோக.
இருபத்திரண்டு வருஷம் சிந்தாமல் கொண்டுபோனேன்,
அந்த லாரிக்காரர் கூண்டில் ஏறிய நாள்வரை.

"கட்டை வெச்சேம்மா.
செலாயாங் மேட்டுல நிறுத்தி
பின் டயருக்குக் கட்டை வெச்சுட்டுத்தான் எறங்குனேன்.
யாரோ எடுத்துட்டாங்க."
பிளாக் என்று சொன்னேன்.
மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார்.
சொல் எனக்குத்தான் தொண்டையில் நின்றது.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன்.
பிரெஞ்சு வழியாக வந்ததாம்,
அதற்கும் முன்னே பழைய டச்சு வாயில்
வெட்டிச் சாய்த்த மரத்தின் அடித்துண்டு.
அவ்வளவுதான்.
பட்டை, வட்டங்கள், கொஞ்சம் பிசின்.
யாரையும் தடுக்கும் எண்ணம் அதற்கு இல்லை.
பிறகு யாரோ அதை வழியில் போட்டிருக்கிறார்கள்.

நாமும் கட்டை என்கிறோம்;
காரியம் கெட்டால் முட்டுக்கட்டை.
நடுவில் இத்தனை சமுத்திரம் இருந்தும்
ஒரே மரம் தடுக்கித்தான் விழுந்திருக்கிறோம்.

நான் குடியிருப்பது செந்தூல் அடுக்குமாடி, பிளாக் சி.
தம்பி குணாளன் வாட்சப்பில் என்னை பிளாக் செய்து
பதினாலு மாதம்.
அப்பாவின் சேமநிதி, ஒரு கையெழுத்து,
நான் சொன்ன ஒரு வார்த்தை.
அதை இங்கே மொழிபெயர்க்கப் போவதில்லை.
அனுப்பிய தீபாவளி வாழ்த்து
ஒற்றைக் குறியோடு நிற்கிறது இன்னும்.

வியாழக்கிழமை மத்தியானம்
அவன் மனைவி யசோதரா கூப்பிட்டாள்.
"அக்கா, ஹார்ட்ல பிளாக்காம்.
மூணு எடத்துல. உள்ள கொண்டுபோயிட்டாங்க."

கோலாலம்பூர் மழை
வேலைக்கு வருகிற மாதிரி நாலு மணிக்கு வரும்.
அன்று சண்டைக்கு வந்தது.
ஜாலான் காசிப்பிள்ளையைத் தாண்டவில்லை,
சாலைக்குக் குறுக்கே கிடந்தது ஒரு தூங்குமூஞ்சி மரம்,
முழுசாக, வேர்மண்ணோடு, காக்கைக் கூட்டோடு,
ஒரு மைவியின் முதுகை நசுக்கிக்கொண்டு.
உள்ளே யாருமில்லை, நல்லவேளை.

வைப்பர் ஆடிக்கொண்டே இருந்தது.
பிறகு ஏற்றிக்கொண்ட அர்த்தங்களையெல்லாம்
கழற்றிப் போட்டுவிட்டு
அந்தச் சொல் படுத்திருந்தது,
நனைந்து, அம்மணமாக.

ஆரஞ்சுச் சட்டையில் மாநகராட்சி ஆட்கள்
ரம்பத்தை இழுத்துக் கிளப்பினார்கள்.
நாற்பது நிமிஷம்.
அடைத்தது துண்டு துண்டாக ஓரத்துக்கு உருண்டது.
ஒருவன் அதில் சின்னதாக ஒன்றைப் பொறுக்கி
அவர்கள் லாரியின் பின்சக்கரத்துக்குக் கொடுத்தான்,
சரிவில் ஓடிவிடாமல் இருக்க.
காலால் ஓர் உதை. இறுகியது.
கூண்டில் நின்றவரை நினைத்தேன்.
வைத்திருப்பார். வைத்துத்தான் இருப்பார்.

"ஜாலான், ஜாலான்" என்று கை வீசினான்.
மலாயில் அது சாலை.
போ என்பதும் அதுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வேகமான ஆங்கிலம்.
யசோதரா என் முகத்தையே பார்த்தாள்.
பழக்கதோஷம், எழுந்து நின்று சொன்னேன்:
"ரெண்டு எடத்துல கம்பிவலை வெச்சிருக்காங்க.
குழா மறுபடி மூடிக்காம இருக்க
உள்ளேருந்து முட்டுக் கொடுத்திருக்காங்க."
முட்டு.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

"மூணாவது?"
"சின்னதாம். இப்போதைக்கு அப்படியே விட்டுட்டாங்க."

தூங்கிக்கொண்டிருந்தான்.
போன் தலைமாட்டில், கண்ணாடி கீழ்நோக்கி.
விழித்தால் சொல்ல
எந்த மொழியிலும் என்னிடம் ஒன்றுமில்லை.
தள்ளுவண்டியோடு வந்த மிஸ்ஸி
கொஞ்சம் நகருங்கள் என்றாள்.
கட்டில் சக்கரத்தில் ஒன்று பூட்டாமல் இருந்தது.
காலை அதற்கு அண்டை கொடுத்து
உட்கார்ந்திருந்தேன்.