கேட்டது

படிவத்தில் பதினோரு கட்டங்கள்.
பத்தை நிரப்பிவிட்டேன்.
இடம்: கோக்-பெல் கணவாய், மூன்றாம் வளைவு.
நேரம்: விடியற்காலை நாலே கால்.
வண்டி: இரண்டாம் எண் பனியகற்றி.
காயம்பட்டவர்: கெனேஷ், வயது இருபத்தாறு,
இடது தொடை, காறை எலும்பு.
பதினோராவது கட்டம்
காரணம் கேட்டது.

மெலிஸ் நல்லவன். தலைமை அலுவலகத்திலிருந்து
நூறு கிலோமீட்டர் வந்திருக்கிறான், எனக்காகத்தான்.
பேனாவைத் தானே திறந்து கொடுத்தான்.
"ஓட்டுநர் கவனக்குறைவுன்னு போடுங்க அக்கா,
ரெண்டே சொல், கோப்பு மூடிடும்.
இல்லேன்னா காத்துன்னு போடுங்க.
காத்தை யாரும் வேலைய விட்டு நீக்க முடியாது."
சிரித்தேன்.
காற்று அடித்ததும் உண்மைதான்.

"சங்கிலி தேய்ந்த நிலையில் மாட்டப்பட்டிருந்தது"
என்று ஒரு வரி எழுதிப் படித்துப் பார்த்தேன்.
ஆளே இல்லாத வரி.
சங்கிலி தானாகத் தேய்ந்து
தானாகச் சக்கரத்தில் ஏறி
தானாக மலைக்குப் போயிருக்கிறது.
அடித்தேன்.
"நாங்கள் கவனிக்கத் தவறினோம்."
பரவாயில்லை, ஆனாலும்
அந்த 'நாங்கள்' பெரிய கம்பளிப் போர்வை.
ஒன்பது பேரை உள்ளே இழுத்துப் போட்டு
நடுவில் நான் படுத்துக்கொள்ளலாம்.
போன மாதம் பாராட்டுக் கடிதம் வந்தபோது
ஒன்பது பேரும் போர்வைக்கு வெளியே நின்றார்கள்.
கடிதம் மேசைக்கு மேலே தொங்குகிறது,
என் பெயரில்.

அதையும் அடித்தேன்.

நடந்தது இதுதான்.
கீழே எண்பது லாரிகள். உருளைக்கிழங்கு, டீசல்,
மாஸ்கோவிலிருந்து வீடு திரும்பும் ஒரு சவப்பெட்டி.
ஆறு மணிக்குச் சாலை திறக்கும் என்று
வாக்குக் கொடுத்திருந்தேன். யாரும் கேட்காத வாக்கு.
ரேடியோவில் கெனேஷ்:
"அக்கா, இடப்பக்கச் சங்கிலி அறுந்துடும் போலிருக்கு.
மாத்திட்டுப் போகட்டுமா?"
மாற்ற நாற்பது நிமிடம்.
"போ, பாத்துக்கலாம்" என்றேன்.

பாத்துக்கலாம்.
பார்ப்பது யார் என்று சொல்லாத சொல்.

நாரின் மருத்துவமனையில் அவன் மனைவி
என் கையிலிருந்த போர்சோக் பொட்டலத்தை வாங்கவில்லை.
சரிதான்.
மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்,
பொரித்த எண்ணெய் பாவாடையில் ஊறியது.
கெனேஷ் கண் திறந்தான். என் முகத்தைப் பார்த்தான்.
"அன்னைக்கு ரேடியோ ஒரே இரைச்சல் அக்கா,
நான் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது."

கால் கம்பியில் தொங்க, தோளில் கட்டோடு,
அப்போதும் எனக்காகப்
பனி அகற்றிக்கொண்டிருந்தான்.
எவ்வளவு அகலமான பாதை!
இரண்டு லாரிகள் எதிரெதிரே போகலாம்.

"கேட்டது" என்றேன்.
"தெளிவாகக் கேட்டது."

அவன் மனைவி அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.
மன்னிப்பு இல்லை அதில்.
கணக்கைச் சரிபார்க்கிறவளின் பார்வை.

அன்றிரவு கட்டத்தில் எழுதினேன்:
எச்சரித்தான். கேட்டேன். அனுப்பினேன்.
கீழே துர்துகான் என்று பெயர்.
இடம் நிறைய மிச்சமிருந்தது.

மூன்று மாதச் சம்பளத்தைப் பிடித்தார்கள்.
பொறுப்பிலிருந்து நீக்கவில்லை,
இந்த உயரத்துக்கு வேறு ஆள் வரமாட்டார்கள்.
நீக்கியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மார்ச்சில் மறுபடி பனி.
ரேடியோவில் தாஷ்தான்:
"நான் போகலை. ஹைட்ராலிக் கசியுது."
அனுமதி கேட்கவில்லை அவன்.
அந்தப் பழைய சொல் என் நாக்கு நுனிவரை வந்தது.
திருந்திவிட்டேன் என்று யார் சொன்னது?
வந்தது. விழுங்கினேன்.
மீன்முள்ளாகக் கீறிக்கொண்டு இறங்கியது.

கையுறையை மாட்டிக்கொண்டு போய்
வண்டிக்கடியில் மல்லாந்தேன்.
கசிவு சின்னதுதான்.
ஒருவேளை போயே வந்திருக்கலாம்.
ஒருவேளை.
கீழே லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின,
முதலில் ஒன்று, பிறகு மலை முழுக்க.
கழுத்துக்குள் பனி உருகி வழிந்தது.

"பதினேழாம் நம்பர் ஸ்பானர்" என்றேன்,
கையை வெளியே நீட்டி.